ஒரே பெயர், இரண்டு கட்டில்கள்: மருந்து கொடுக்கப் பழகும் ஒரு மாணவத் தாதி பற்றிய நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்து அரச வைத்தியசாலை ஒன்றின் பெண்கள் மருத்துவ விடுதியில், மூன்றாம் ஆண்டு மாணவத் தாதி ஒருவர் பயிற்சியில் இருந்தபோது மயிரிழையில் தடுபட்ட ஒரு மருந்துப் பிழையைப் பற்றியது இந்த ஆய்வு. அதற்குப் பிறகு அவர் தன் வேலைமுறையை எப்படி மாற்றிக்கொண்டார் என்பதுதான் இதில் பெரும்பகுதி. நான் அந்தக் குழுவோடு விடுதிக்குப் போகும் பயிற்சி ஆசிரியை. மாணவியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். நோயாளரின் பெயர், வயது, ஊர் எல்லாம் மாற்றப்பட்டவை.

மாணவியும் விடுதியும்

மாணவி படிப்பில் கெட்டிக்காரி. சரியான நோயாளர், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்து சரிகளையும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சரியான பதிவு என்று ஆறாவதையும் சேர்த்துக்கொள்வார். கைப்பழக்கமும் நல்லது. ஊசி போட்டால் நோயாளருக்கு நோவதில்லை என்று விடுதியில் பெயர் எடுத்தவர். தெரியாமல் வரும் பிழை என்றால் இருத்திப் படிப்பித்துவிடலாம். எல்லாம் தெரிந்த ஒரு பிள்ளையின் கையில் ஏன் பிழை வரப் பார்த்தது என்ற கேள்விக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

சித்திரை மாதம். கட்டில்கள் நிரம்பி, நடைபாதையிலும் ஆட்கள். மின்விசிறிக்குக் கீழே இருக்கும் கட்டிலுக்கு எப்போதும் போட்டி. நோயாளர் தங்களுக்குள் பேசிக் கட்டில் மாறிக்கொள்வது எங்கள் விடுதிகளில் புதிய விஷயமில்லை. ஆள் மாறினாலும் ரிக்கற் (நோயாளரின் விவரம் எழுதிய தாள்) கட்டில் காலடியிலேயே தொங்கும்.

நடந்தது

முற்பகல் 11.30. மதியச் சாப்பாட்டுக்கு முந்திய சொலியுபிள் இன்சுலின் (சீக்கிரம் வேலை செய்யும் வகை) போடும் நேரம். 12 மணிக்குப் பார்வையாளருக்குக் கதவு திறக்கும். சில உறவினர்கள் அதற்கு முன்பே வாசலில் நிற்பார்கள்.

பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் இரண்டு அம்மாமார். இருவர் பெயரும் சிவபாக்கியம். அந்தத் தலைமுறையில் பாக்கியம் என்று முடியும் பெயர்கள் நிறைய. இருவருக்கும் முதலெழுத்து 'க'. ஒருவருக்கு அது தகப்பன் கந்தையாவின் 'க', மற்றவருக்குக் கணவர் கணபதிப்பிள்ளையின் 'க'. முதலாமவர் சீனி வருத்தத்தோடு காலில் புண் வந்து சேர்ந்தவர், இன்சுலினில் இருப்பவர். இரண்டாமவர் இருதயம் பலவீனமாகி, கால் வீங்கி, மூச்சு வாங்கி வந்தவர். நீரை வெளியேற்றும் பிரூசமைட்டும் இருதயத்துக்கான டிகொக்சினும் அவருடைய மருந்துகள். சீனி வருத்தம் அவருக்கு இல்லை.

அன்று காலை இரண்டாமவர் வெக்கை தாங்காமல் தவித்ததைப் பார்த்து, முதலாமவர் மின்விசிறிக்குக் கீழே இருந்த தன் கட்டிலை விட்டுக்கொடுத்திருக்கிறார். நல்ல மனத்தோடு செய்த காரியம். யாருக்கும் சொல்லவில்லை, ரிக்கற்றும் மாறவில்லை.

மாணவி மருந்துத் தள்ளுவண்டியில் வைத்து 10 யூனிட் இன்சுலின் எடுத்தார். விடுதித் தாதி குப்பியையும் ஊசிக் குழாயையும் பார்த்து "சரி" என்றார். கட்டிலை நோக்கி நடக்கும்போது வாசலிலிருந்து ஒருவர், "தங்கச்சி, அம்மாவுக்கு இண்டைக்குத் துண்டு வெட்டுவினமோ?" என்று (வீட்டுக்கு விடுவார்களா என்று) கேட்டு மறித்தார். மாணவி நின்று பதில் சொல்லிவிட்டுப் போனார். கட்டிலருகில் ரிக்கற்றைப் பார்த்தார். பெயர் சரி. "சிவபாக்கியம் அம்மாதானே?" "ஓம் பிள்ளை." "சீனிக்கு ஊசி போடப்போறன்." அந்த அம்மா சட்டைக் கையை மேலே இழுத்துக் கொடுத்தார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்தான் தடுத்தார். "பிள்ளை, இந்த நேரம் ஊசி எனக்கெல்லோ போடுறது?"

மாணவி கையை எடுத்துவிட்டார். ஊசி தோலைத் தொடவில்லை. விடுதித் தாதி வந்து இருவரையும் விசாரித்து, ரிக்கற்றுகளை உரியவரிடம் மாற்றி, உரியவருக்குக் குருதி வெல்லம் பார்த்து, இன்சுலின் போடச் செய்தார். சம்பவம் விடுதிப் பொறுப்புத் தாதியான சிஸ்டரிடம் சொல்லப்பட்டு, விடுதியின் சம்பவப் படிவத்திலும் எழுதப்பட்டது. யாருக்கும் தீங்கு நடக்காதபோது படிவம் எழுதாமல் விடுவதுதான் பல இடங்களில் வழக்கம். சிஸ்டர் அப்படி விடாதது பெரிய விஷயம்.

போட்டிருந்தால்?

சீனி வருத்தமில்லாத, அரை வயிறு சாப்பிடும் வயதானவரின் உடலில் 10 யூனிட் சொலியுபிள் இன்சுலின் அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, 2 முதல் 4 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். குருதி வெல்லம் ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது வியர்க்கும், நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இன்னும் இறங்கினால் பேச்சுக் குழம்பும், வலிப்பு வரும், மயக்கம் வரும். சித்திரை வெயிலில், மதியம் 2 மணிக்கு, மூச்சு வாங்கும் ஓர் இருதய நோயாளி வியர்த்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? "ஆச்சி நித்திரை" என்று கடந்து போயிருப்போம். அவருக்கு இன்சுலின் போட்டதாகவே யாருக்கும் தெரியாததால், குருதி வெல்லம் பார்க்க வேண்டும் என்றும் தோன்றியிருக்காது. மற்ற அம்மாவுக்கோ இன்சுலின் போட்டாயிற்று என்று பதிவு சொல்லும், சீனி ஏறிக்கொண்டே போகும்.

எங்கே வழுவியது

அன்று பின்னேரம் மாணவியிடம் எழுத்தில் எதையும் கேட்கவில்லை. அழுது முடித்த பிள்ளை எழுதுவதெல்லாம் "இனிக் கவனமாக இருப்பேன்" என்றுதான் வரும். அதனால் யாருக்கும் பயனில்லை. வெறும் ஊசிக் குழாயைக் கையில் கொடுத்து, தள்ளுவண்டியிலிருந்து கட்டில் வரை செய்தது எல்லாவற்றையும் அப்படியே திரும்பச் செய்து காட்டச் சொன்னேன். நடக்க நடக்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

முதலில், கேள்வி கேட்ட விதம். "சிவபாக்கியம் அம்மாதானே?" என்பதில் பதிலும் சேர்ந்தே இருக்கிறது. காது மந்தமானவரும் அதற்கு ஓம் என்பார். வெள்ளை உடுப்பைக் கண்டாலே மரியாதையில் தலையாட்டுபவரும் ஓம் என்பார். இங்கே அந்த அம்மா சொன்னது உண்மையும்கூட, அவர் பெயர் சிவபாக்கியம்தான். ஆகவே "உங்கட பெயர் என்ன?" என்று திறந்து கேட்டிருந்தாலும் அன்றைக்குப் போதாது. இரண்டாவது அடையாளம் ஒன்று கட்டாயம் வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட 9 நோயாளர் பாதுகாப்புத் தீர்வுகளில் நோயாளரை அடையாளம் காண்பதும் ஒன்று. குறைந்தது இரண்டு அடையாளங்களைப் பார்க்க வேண்டும், அறை எண்ணை அவற்றில் ஒன்றாக எடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். எங்கள் விடுதிகளுக்கு 'அறை எண்' என்பதைக் 'கட்டில்' என்று வாசித்துக்கொண்டால் போதும்.

அடுத்தது, தள்ளுவண்டியில் நடந்த இருவர் சரிபார்ப்பு. இன்சுலின், குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின், பொற்றாசியம் குளோரைட்டு போன்ற அபாயம் கூடிய மருந்துகளை இருவர் பார்க்க வேண்டும் என்பது நல்ல விதி. ஆனால் தள்ளுவண்டியில் நின்று பார்ப்பவருக்கு மருந்தும் அளவும்தான் தெரியும். நோயாளர் பத்தடி தள்ளிப் படுத்திருக்கிறார். இருவர் பார்த்துவிட்டோம் என்ற தைரியத்தில், யாருமே பார்க்காத ஒன்று பார்த்ததாகக் கணக்கில் வந்துவிட்டது. என்னைக் கேட்டால், இந்த நிகழ்வில் மிக ஆபத்தான இடம் அதுதான்.

இடையில் மறித்த கேள்வியையும் சின்னதாக எடுக்க முடியாது. சிட்னியில் 2 வைத்தியசாலைகளில் 98 தாதியரைக் கவனித்து 2010இல் வெளிவந்த ஆய்வொன்று, மருந்து கொடுக்கும்போது நேரும் ஒவ்வோர் இடையூறும் மருந்துப் பிழைகளைச் சுமார் 12 வீதத்தால் கூட்டுவதாகக் காட்டியது. எங்கள் விடுதிகளில் 11.30 மணிக்கு ஒருவர் மறித்தால் அதைப் பாக்கியம் என்றே சொல்லலாம். அநேகமாக மூன்று பேர் மறிப்பார்கள்.

கடைசியாக வந்ததுதான் முக்கியமானது. கட்டிலருகில் வந்து நின்று, ஊசிக் குழாயைக் கையில் பிடித்தபடி மாணவி மெதுவாகச் சொன்னார்: "முகம் கொஞ்சம் வேறமாதிரி இருந்தது மிஸ். காலில கட்டும் இருக்கேல்லை." காலில் புண்ணோடு வந்தவருக்குக் கால்கட்டு இருக்க வேண்டும். அதைக் கண் கண்டிருக்கிறது. பிறகு ஏன் கேட்கவில்லை? "ரிக்கற் அதிலதானே இருந்தது. விடுதி மிஸ் ஏற்கெனவே பாத்துச் சரி எண்டிட்டா. திரும்பிப் போய்க் கேட்டா, எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு நினைப்பா எண்டு..."

அந்த விடுதித் தாதி ஏசுகிறவர் இல்லை. ஆனால் கேள்வி கேட்டால் மதிப்புக் குறையும் என்ற பயம் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே வந்துவிடுகிறது. அதை ஒரு நாளில் பேசிப் போக்க முடியாது. அந்தப் பயம் இருக்கும்போதும் வாயிலிருந்து வரக்கூடிய ஒரு வசனத்தைப் பழக்கலாம்.

மாற்றியவை

சிஸ்டரையும் அந்த விடுதித் தாதியையும் வைத்துக்கொண்டுதான் திட்டம் போட்டோம். மாணவி மட்டும் தனியே மாறுவதில் பயனில்லை.

அடையாளம் காணும் கேள்விகளை இப்படி வைத்தோம்: "உங்கட முழுப்பெயரைச் சொல்லுங்கோ அம்மா. அப்பாவின்ர பெயரோ அவரின்ர பெயரோ, எது ரிக்கற்றில போட்டது? எந்த ஊர்?" பிறந்த திகதி கேட்டால் வயதானவர் பலருக்கு உடனே வராது. ஊரையும் தகப்பன் பெயரையும் பெரும்பாலும் மறக்கமாட்டார்கள். சொன்ன பதிலை ரிக்கற்றோடும், ரிக்கற் இலக்கத்தை மருந்துத் தாளோடும் ஒப்பிட வேண்டும். பேச முடியாதவர் என்றால் பக்கத்தில் இருக்கும் உறவினரிடமோ விடுதித் தாதியிடமோ இதே கேள்விகள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் இரண்டு ரிக்கற்றிலும் சிவப்பு மையால் 'இதே பெயரில் இன்னொருவர்' என்று எழுதிவைக்க சிஸ்டர் ஒழுங்கு செய்தார்.

அபாயம் கூடிய மருந்துக்கு இரண்டாவது ஆள் கட்டில் வரைக்கும் வர வேண்டும் என்றும் தீர்மானித்தோம். ஆள் பற்றாக்குறை உள்ள விடுதியில் இது பெரிய கேள்விதான். எல்லா மருந்துக்கும் கேட்டிருந்தால் ஒரு கிழமையில் கைவிட்டிருப்பார்கள். இன்சுலினுக்கும் நாளம் வழியாகப் போகும் பொற்றாசியத்துக்கும் ஹெப்பரினுக்கும் மட்டும் என்று வைத்ததால் நடந்தது.

கணக்கிலும் ஒரு பழக்கம் சேர்த்தோம். மாணவி சூத்திரத்தைப் போட்டு நேரே விடைக்குப் போவார். விடை தசமப் புள்ளி தவறி வந்தாலும் நம்பிவிடுவார். இப்போது கணக்குப் போட முதல் ஒரு மதிப்பீட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஜென்ராமைசின் என்ற கிருமிக்கொல்லி 2 மில்லிலீற்றரில் 80 மில்லிகிராம் உள்ள குப்பி, கொடுக்கவேண்டியது 60 மில்லிகிராம் என்றால், "ஒரு குப்பியை விடக் குறைவு, பாதியை விடக் கூட" என்று முதலில் சொல்லி, பிறகு 1.5 மில்லிலீற்றர் என்று காண்பது. 10 யூனிட் இன்சுலின் 0.1 மில்லிலீற்றர்தான். சாதாரண ஊசிக் குழாயில் அதை எடுக்கவே கூடாது என்பதும், 'யூனிட்' என்பதை 'U' என்று ஓர் எழுத்தாகச் சுருக்கினால் அவசரத்தில் சுழியமாகத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். இப்போது தாளில் அப்படிச் சுருக்கிக் கண்டால் வாசித்து உறுதிப்படுத்திக்கொள்கிறார்.

பெட்டியின் நிறத்தைப் பார்த்து மருந்தை எடுக்கும் பழக்கத்தையும் விடச் சொன்னேன். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் மருந்து வந்தது. அதே மருந்து நேற்று நீலப் பெட்டியிலும் இன்றைக்கு வெள்ளைப் பெட்டியிலும் வரலாம். காபமசப்பீனும் காபிமசோலும் பெயரில் ஒட்டியவை, வேலையில் தூரமானவை. ஒன்று வலிப்புக்கு, மற்றது தைரொயிட்டுக்கு. எடுக்கும்போது, ஊற்றும்போது, திரும்ப வைக்கும்போது என்று மூன்று தடவை பெயரை வாசிப்பதற்கு மாற்று எதுவுமில்லை.

மறிப்பவர்களுக்கு ஒரு பதில் வைத்துக்கொண்டார்: "மருந்து குடுத்துக்கொண்டு நிக்கிறன் ஐயா. முடிச்சிட்டு நானே உங்களிட்ட வாறன்." கடைசி வசனம் தேவை, அது இல்லாவிட்டால் ஆட்கள் கோபிப்பார்கள். சொன்னபடி போகவும் வேண்டும். சில நாடுகளில் மருந்து கொடுக்கும் தாதியர் 'குறுக்கிடவேண்டாம்' என்று எழுதிய மேலங்கி போடுகிறார்களாம். நோயாளரின் சொந்தக்காரர் எங்களை மறிப்பது, கேட்பதற்கு வேறு ஆளில்லாததால். மேலங்கியைப் பார்த்து விலகிப்போகிறவர் அந்தக் கேள்வியோடேயே வீட்டுக்குப் போவார். எனக்கு அது பிடிக்கவில்லை.

சந்தேகம் வந்தால் சொல்லும் வசனத்தை விடுதித் தாதியே தேர்ந்தார்: "மிஸ், ஒருக்கா என்னோட வந்து பாருங்கோ." காரணம் சொல்லத் தேவையில்லை, பிழை என்ற சொல்லும் தேவையில்லை. அதைக் கேட்டால் என்ன வேலையாக இருந்தாலும் வருவேன் என்று மாணவியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் விட அந்த ஒரு வாக்கு கூடுதலாக வேலை செய்தது.

சாப்பாட்டுக் கேள்வி

இது திட்டத்தில் இருக்கவில்லை. மாணவி தானாகக் கண்டுபிடித்தது.

சொலியுபிள் இன்சுலின் போட்டு அரை மணி நேரத்தில் சாப்பிட வேண்டும். புத்தகம் அதோடு நின்றுவிடும். எங்கள் விடுதியில் சாப்பாடு இரண்டு வழியில் வரும். வைத்தியசாலைச் சாப்பாடு ஒன்று, வீட்டிலிருந்து வருவது மற்றது. வைத்தியசாலைச் சோறு இறங்காத அம்மாமார் மகள் கொண்டுவரும் சாப்பாட்டுக்காகக் காத்திருப்பார்கள். மகள் சாவகச்சேரியிலிருந்தோ பருத்தித்துறையிலிருந்தோ பஸ்ஸில் வர வேண்டும். பஸ் பிந்தினால் 11.30க்கு இன்சுலின் போட்டவர் 1 மணி வரைக்கும் வெறும் வயிற்றோடு இருப்பார்.

ஒருநாள் இன்சுலின் எடுக்க முதல் மாணவி ஓர் அம்மாவிடம், "இண்டைக்கு எங்கயிருந்து சாப்பாடு?" என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். "மகள் வாறாள், ஆனா இண்டைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடத்தில கூட்டமாம்" என்றார் அவர். மாணவி குழாயை எடுக்காமல் விடுதித் தாதியிடம் போனார். இன்சுலினைத் தள்ளிப்போடுவதோ விடுவதோ மாணவி முடிவெடுக்கும் விஷயமில்லை. தாதி வந்து பேசி, அந்த அம்மா வைத்தியசாலைச் சோற்றில் கொஞ்சத்தைப் பருப்போடு சாப்பிட ஒத்துக்கொண்ட பிறகுதான் இன்சுலின் போடப்பட்டது. அன்றிலிருந்து குருதி வெல்ல அளவுக்குப் பக்கத்தில் சாப்பாடு எங்கிருந்து, எத்தனை மணிக்கு என்பதையும் மாணவி தன் கொப்பியில் குறித்தார். அளவு 70க்குக் கீழே இருந்தால் இன்சுலின் எடுக்காமல் உடனே அறிவிப்பது, நினைவோடு விழுங்கக் கூடியவருக்கு 15 கிராம் அளவு சீனி கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பார்ப்பது என்பதும் அதே பக்கத்தில் எழுதியிருந்தது.

இந்த மருந்து, இந்த ஆளுக்கு, இந்த நேரத்தில் ஏன் என்று கேட்கத் தொடங்கியதன் பலன் இது. டிகொக்சின் கொடுக்க முதல் ஒரு முழு நிமிடம் இருதயத் துடிப்பைக் கேட்பதை முன்பு சடங்காகச் செய்தவர், இப்போது 60க்குக் கீழே இருந்தால் குளிசையை நிறுத்திவைத்து அறிவிப்பதோடு, "சாப்பிட மனமில்லாமல் சத்தி வருகுதோ?" என்றும் கேட்கிறார். பிரூசமைட் பொற்றாசியத்தைக் குறைக்கும், பொற்றாசியம் குறைந்தால் டிகொக்சின் நஞ்சாகும் என்ற பாடம் அவருக்கு அந்த இரண்டாம் சிவபாக்கியம் அம்மாவின் கட்டிலருகில்தான் விளங்கியது.

பிறகு

பயிற்சியின் பிற்பகுதியில் ஒரு நாள். காய்ச்சலும் சளியுமாகச் சேர்ந்த ஒருவருக்கு ஒக்மென்டின் என்ற கிருமிக்கொல்லி எழுதப்பட்டிருந்தது. ஒவ்வாமைக்கான இடம் தாளில் வெறுமையாக இருந்தது. வெறுமையாக இருந்தால் ஒவ்வாமை இல்லை என்று எடுப்பதுதான் பலரின் வழக்கம். மாணவி கேட்டார்: "எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் விட்டதோ அம்மா?" "இல்லைப் பிள்ளை." "ஊசி போட்டுக் கடிச்சு, தடிச்சு, மூச்சு முட்டினது ஏதும்?" "அது சின்னனில. பென்சிலின் போட்டு உடம்பெல்லாம் தடிச்சு, கண் மூடிப்போச்சு."

ஒக்மென்டினில் இருக்கும் அமொக்சிசிலின் பென்சிலின் வகைதான். பெட்டியில் பென்சிலின் என்ற சொல்லைக் காணாததால் இது தப்பிப்போவது வழக்கம். "மிஸ், ஒருக்கா என்னோட வந்து பாருங்கோ." தாதி வந்தார், டொக்டருக்குச் சொன்னார், மருந்து மாறியது, ரிக்கற்றின் முன்பக்கத்தில் சிவப்பு மையில் ஒவ்வாமை ஏறியது. அந்த அம்மாவின் கிளினிக் கொப்பியிலும் எழுதவைத்தது மாணவியின் யோசனை. ரிக்கற் வைத்தியசாலையோடு நின்றுவிடும், கொப்பி அவரோடு வீட்டுக்குப் போகும்.

வீட்டு மருந்துகளையும் கேட்டுப் பார்க்கத் தொடங்கினார். கட்டிலுக்குப் பக்கத்துப் பையில் கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறைகள் கிடக்கும். விடுதியில் கொடுக்கும் சீனி வருத்தக் குளிசையான மெற்போமினோடு பையில் உள்ள மெற்போமினையும் சேர்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். "டொக்டர் நிப்பாட்டச் சொல்லேல்லையே" என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான், யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னும் சரிவராதவை

மாணவியின் மருந்துச் சுற்று முன்பைவிட நேரமெடுக்கிறது. முதலில் விடுதித் தாதியர் சிலர் முகம் சுளித்தார்கள். வேகம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, ஆனால் பழைய வேகத்துக்கு வரவில்லை. வரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை.

பதிவுதான் தொல்லை. நெருக்கமான நாட்களில் எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, ஒரே இருப்பில் தாள்களில் கையொப்பம் போடும் பழக்கம் அவரிடம் இன்னும் இருக்கிறது. சத்தியெடுத்தவர், குளிசையை உமிழ்ந்தவர், கழிப்பறைக்குப் போயிருந்து வாங்காமல் விட்டவர் எல்லாரும் அதில் 'கொடுத்தது' ஆகிவிடுவார்கள். விடுதியில் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துப் பழகியது என்பதால் அவரிடம் மட்டும் திருத்த முடியவில்லை.

நோயாளரின் பெயர் எழுதிக் கையில் கட்டும் கைப்பட்டி இன்னும் அந்த விடுதிக்கு வரவில்லை. சிஸ்டர் கேட்டு எழுதியிருக்கிறார்.

அடுத்த குழுவுக்கு ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். முதல் கிழமையில் யாரும் மருந்தைத் தொடுவதில்லை. ஒவ்வொருவரும் விடுதித் தாதி ஒருவரின் பின்னால் மருந்துச் சுற்றில் நடந்து, எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் மறிக்கிறார்கள், எந்தக் கட்டிலில் ஆள் மாறியிருக்கிறது, யாருக்கு வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். இரண்டாம் கிழமை தள்ளுவண்டியைப் பிடிக்கும்போது அந்தத் தாள் கையில் இருக்கும். "மிஸ், ஒருக்கா என்னோட வந்து பாருங்கோ" என்பதை ஒவ்வொருவரும் முதல் நாளே விடுதித் தாதியிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.